சிக்கனம் என்று நம்பிச் செய்யும் செலவுகள்: மரச்சாமான்களிலும் அன்றாடக் கொள்முதலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் செலவைக் குறைக்க முனைவோர் பெரும்பாலும் விலைச்சீட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தப் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்வி, அது ஆட்டம் காணத் தொடங்கிய பிறகே எழுகிறது. இரண்டு அலமாரிகளில் ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மலிவானது 4 ஆண்டும் விலை கூடியது 16 ஆண்டும் உழைக்குமானால், ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது விலை கூடியதற்கு ஆகும் செலவு மலிவானதில் பாதிதான். ஆனால் இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவதும் தவறே. இரண்டு ஆண்டுக்கொருமுறை வீடு மாறுபவருக்கும், சீக்கிரமே வளர்ந்துவிடப்போகும் குழந்தையின் படிப்பு மேசைக்கும் மலிவானதே பொருத்தமாக இருக்கலாம். எவ்வளவு காலம் தேவைப்படும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு விலையைப் பார்ப்பதே சரியான வரிசை.

மரச்சாமான் வாங்கும்போது நேரும் பெரிய தவறு, முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. கடையில் எல்லா அலமாரிகளும் முன்பக்கத்திலிருந்து ஒன்றுபோலவே பளபளக்கும். வேறுபாடு தெரிய வேண்டுமானால் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து அதன் அடிப்பாகத்தையும், அலமாரியின் முதுகுப் பலகையையும், தரையைத் தொடும் விளிம்பையும் பார்க்க வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு கலந்து அழுத்திச் செய்த பலகை. காய்ந்த இடத்தில், அதிகப் பாரம் ஏற்றாமல், ஓரிடத்திலேயே வைத்திருந்தால் அது குறை சொல்ல முடியாத பொருள்தான். ஆனால் விளிம்பில் ஒட்டிய பட்டை சிறிது பெயர்ந்திருந்தாலும் தரை துடைக்கும் ஈரம் அதன் வழியாக உள்ளே ஏறும். ஒருமுறை உப்பிய பலகை காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. திருகாணியைக் கழற்றி அதே துளையில் மீண்டும் முடுக்கினால் முன்போல் பிடிப்பதும் இல்லை. அதனால்தான் இத்தகைய கட்டில்களும் அலமாரிகளும் இரண்டொரு முறை பிரித்துச் சேர்க்கப்பட்டவுடன் தளர்ந்துவிடுகின்றன. பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக இழை ஓடும்படி ஒட்டப்பட்டிருப்பதால், அது அவ்வளவு எளிதில் வளைவதில்லை. திருகாணியையும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வண்ணம் பூசுவதற்கு வழவழப்பாக இருக்கும் என்றாலும், சாதாரண வகை நீரைக் குடிப்பதில் பார்ட்டிக்கிள் போர்டுக்குச் சளைத்ததல்ல.

புத்தக அலமாரியில் நீளமான தட்டு அழகாகத் தெரிகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒரு சிறிய இயற்பியல் விதியை மறந்துவிடுகிறார்கள். தட்டு முழுவதும் ஒரே சீராகப் புத்தகம் அடுக்கும்போது, தாங்கிகளுக்கு இடையிலான நீளம் இரு மடங்கானால் தொய்வு 16 மடங்காகிறது. பலகையின் தடிமனை இரு மடங்காக்கினாலோ தொய்வு எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே தடிமனான பலகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, தட்டின் நடுவே ஒரு தாங்கி அமைத்துக்கொள்வது மலிவு, பலனும் அதிகம்.

சோபாவில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று முடிவு செய்வதும் இதே வகைப் பிழை. மென்மையும் அடர்த்தியும் வேறு வேறு குணங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே அடர்த்தி. அது குறைவாக இருந்தால், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சீக்கிரமே குழி விழுந்துவிடும். கடைக்காரரிடம் இந்த எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தோல்போலத் தெரியும் ரெக்ஸின் வகைகளில் பாலியூரித்தேன் பூச்சுள்ளவை காற்றிலுள்ள ஈரத்தாலேயே நாளடைவில் சிதைந்து செதில் செதிலாக உரிகின்றன; அதிகம் உட்காராமல் காப்பாற்றி வைத்தாலும் அந்தச் சிதைவு நிற்பதில்லை. கழற்றித் துவைக்கக்கூடிய துணியுறை பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் நீண்ட காலத்துக்கு அதுவே லாபம். புதிய சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறையை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. உறைக்கு அடியில் ஈரம் தங்கி முடைநாற்றம் பிடிப்பதுதான் மிச்சம்.

பழுதுபார்க்கும் விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல்கள் இன்னும் அதிகம். நாற்காலியின் பின்கால், இருக்கைச் சட்டத்தோடு சேரும் பொருத்தில் ஆடத் தொடங்கியதும், வீட்டிலுள்ள ஆணியை எடுத்து அடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆணி மரத்தின் இழைகளைப் பிளக்கும். சில மாதங்களில் அதுவே தளர்ந்து துளையைப் பெரிதாக்கும். பிறகு தச்சரிடம் கொண்டுபோனாலும் உள்ளே புதைந்த ஆணியை எடுப்பதற்கே மரத்தைச் சிதைக்க வேண்டியிருக்கும். ஆடும் பொருத்தின் மேலேயே புதுப் பசையை ஊற்றுவதும் பயன் தராது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை, காய்ந்துபோன பழைய பசையின் மேல் சரியாக ஒட்டுவதில்லை. பொருத்தை மெல்லத் தட்டிக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, இரு பக்கமும் புதிதாகப் பசை தடவிச் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுவதும் யாரும் உட்காராமல் விட்டுவிட்டால், அந்த நாற்காலி மீண்டும் பல ஆண்டு உழைக்கும். கீல் பிடித்திருக்கும் திருகாணி மரத்தில் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றினால், துளையில் பசை தடவிய தீக்குச்சித் துண்டுகளை நிறைத்து, காய்ந்தபின் மறுபடி முடுக்கினால் போதும். இவற்றையெல்லாம்விட எளியது, கட்டில், நாற்காலிகளின் திருகாணிகளைச் சில மாதங்களுக்கொருமுறை இறுக்கிவிடுவது. நூலளவு தளர்ந்த பொருத்தை அப்படியே விட்டால், ஒவ்வோர் அசைவிலும் அது தன் துளையைத் தானே அகலப்படுத்திக்கொண்டு போகும்.

மேசையில் சூடான கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் தோன்றியதும் முழு மேசைக்கும் மறுபாலிஷ் போடக் கிளம்ப வேண்டியதில்லை. வெள்ளைக் கறை என்றால் ஈரம் மேற்பூச்சில் மட்டும் சிக்கியிருக்கிறது என்று பொருள். மெல்லிய சூட்டிலேயே அது பல சமயம் மறைந்துவிடும். கறை கறுப்பாக இருந்தால்தான் ஈரம் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது.

பழைய மரச்சாமான் வாங்குவது நல்ல சேமிப்பு. பழைய மெத்தை வாங்குவதை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூட்டைப்பூச்சி உணவில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; எனவே வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து வந்தது என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. சோபாவோ கட்டிலோ எதுவானாலும் தையலோரங்களிலும் பலகை இடுக்குகளிலும் சிறு கரும்புள்ளிகளும் உதிர்ந்த தோல்களும் தெரிகின்றனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மரத்தில் குண்டூசித் தலையளவு துளைகள் இருந்து, அவற்றின் கீழே புதிதாக வெளிறிய மாவு உதிர்ந்துகிடந்தால், வண்டு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். விலையைக் குறைக்கப் பேசுவதைவிட விட்டுவருவதே நல்லது. வாங்கும் முன் வீட்டு வாசலின் அகலத்தையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துகொள்வதையும், ஏற்றியிறக்கும் கூலியை விலையோடு சேர்த்துப் பார்ப்பதையும் பலர் மறக்கிறார்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் கொக்கி பழைய சாமானோடு வராமல் போகலாம். குழந்தை இழுப்பறைகளில் காலை வைத்து ஏறினால் அலமாரியே அதன்மேல் சாய்ந்துவிடும் என்பதால், அந்தக் கொக்கியைத் தனியாக வாங்குவதில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

புதிய பொருள் ஒன்று வீட்டுக்குள் நுழைந்ததும் பக்கத்திலிருக்கும் பழையவையெல்லாம் மங்கித் தெரிவது இன்றைய விளம்பரங்களால் மட்டும் வந்த நோயல்ல. புத்தம்புதிய அங்கி ஒன்று கிடைத்ததும் தன் அறையின் பழைய சாமான்கள் அதற்குப் பொருந்தாமல் போய், ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்த கதையைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988இல் இந்தப் போக்குக்குத் தீதரோவின் பெயரையே சூட்டினார். சோபாவுக்காக ஒதுக்கிய பணம் திரைச்சீலை, விரிப்பு, விளக்கு என்று நீளப்போகிறதா என்பதை, சோபா வாங்கும் முன்பே யோசித்துவிடுவது மேல்.

அன்றாடக் கொள்முதலில் ஏமாற்றம் நிகழ்வது பெரும்பாலும் சதவீதங்களில்தான். 50% தள்ளுபடிக்கு மேல் இன்னும் 20% என்றால் அது 70% ஆகாது; மீதமுள்ள பாதியில்தான் அந்த 20% கழிக்கப்படுகிறது என்பதால் மொத்தம் 60% மட்டுமே. அதே விலைக்கு 50% கூடுதல் அளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது, உண்மையில் ஏறத்தாழ 33% தள்ளுபடிக்குச் சமம். தவணை வட்டியிலும் இதே கண்கட்டு உண்டு: வாங்கிய முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் 10% என்று கணக்கிட்டு 12 மாதத் தவணையாகப் பிரித்தால், மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 18% ஆகிவிடுகிறது. வட்டியே இல்லை என்று சொல்லப்படும் தவணையிலும், செயலாக்கக் கட்டணம் இருக்கிறதா, ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா என்ற இரண்டையும் கேட்டுவிட வேண்டும்.

பெரிய பொட்டலம்தான் மலிவு என்ற நம்பிக்கையை, கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று வகுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. சில நேரம் இரண்டு சிறிய பொட்டலங்கள் மலிவாக இருக்கும். மலிவாகவே இருந்தாலும் எல்லாப் பொருளும் சேமித்து வைக்க ஏற்றதல்ல. வெளுப்புத் திரவம் நாள் செல்லச் செல்ல வீரியம் இழக்கிறது. சலவைத்தூள் ஈரம்பட்டுக் கட்டியாகிறது. நிறைய இருக்கிறதே என்ற நினைப்பில் கை தாராளமாகிவிடுவது தனி நட்டம். சலவைத்தூளைக் கூடுதலாகப் போட்டால் துணி கூடுதலாக வெளுத்துவிடுவதில்லை, அலசத்தான் கூடுதல் தண்ணீர் செலவாகும்.

சில்லறைத் தொகையை மிச்சப்படுத்த நான்கு கடை ஏறி இறங்குபவர்களே, 60 வாட் குண்டு பல்பை ‘இன்னும் எரிகிறதே’ என்று விட்டுவைத்திருப்பதையும் பார்க்கலாம்; கடுகு போகும் இடத்தை ஆராய்ந்துவிட்டுப் பூசணிக்காய் போகும் இடத்தை விட்டுவிடுவது என்பது இதுதான். ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. நாள்தோறும் பல மணி நேரம் எரியும் இடத்தில், பழையது பழுதாகும்வரை காத்திருப்பதே செலவு.

கடைசியாக, பலரும் பொருட்படுத்தாத ரசீது. உத்தரவாதக் காலம் முடியும் முன் பழுதான பொருளையும் ரசீது இல்லாததால் சொந்தச் செலவில் சரிசெய்ய நேர்வது உண்டு. பத்திரமாக எடுத்து வைத்தவர்களுக்கும் இன்னொரு சிக்கல்: இன்று பல கடைகள் தரும் வழவழப்பான ரசீது, சூட்டினால் எழுத்து தோன்றும் தாள், வெயிலிலும் வெப்பத்திலும் அது சில மாதங்களிலேயே வெளிறி வெற்றுத் தாளாகிவிடலாம். வாங்கிய அன்றே கைபேசியில் அதைப் படமெடுத்து, உத்தரவாதம் முடியும் தேதியையும் அதோடு குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.