ஜிப், ரார் கோப்புகளைப் பிரிப்பது எப்படி? (பார்ட்1, பார்ட்2 தலைவலியும் சேர்த்து)

டவுன்லோட் செய்த கோப்பின் பெயர் ஜிப், ரார், செவன்இசட் என்று முடிந்தால் அது ஒரு மூட்டை. அவிழ்த்த பிறகுதான் உள்ளே இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். விண்டோஸில் ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் சாதாரண ஃபோல்டர் போலவே திறக்கும். பலர் ஏமாறுவது அங்கேதான். அது உள்ளே இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்தே செட்அப்பை ஓட்டினால் ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று அடம்பிடிக்கும். வேர்ட் கோப்பைத் திருத்தினால் அதே இடத்தில் சேமிக்க விடாது.

முதலில் இந்த மூட்டைகளை அவிழ்க்கும் செவன்ஜிப் என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. விண்டோஸ் 11 இப்போது ராரையும் தானே திறக்கும், 2023 கடைசியில் வந்த வசதி. ஆனாலும் என் ஓட்டு செவன்ஜிப்புக்குத்தான். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஜிப் தானாகவே பிரியும். ராருக்கு 'தி அன்ஆர்கைவர்' போதும்.

அப்புறம் கோப்பின் மேல் ரைட் கிளிக், செவன்ஜிப், 'எக்ஸ்ட்ராக்ட் டு' என்று கோப்பின் பெயரோடு வரும் வரி. 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்' பக்கம் போகாதீர்கள். மூட்டைக்குள் தனி ஃபோல்டர் இல்லையென்றால் நூறு கோப்புகளும் டவுன்லோட்ஸில் சிதறிவிடும், பொறுக்கி முடியாது.

இனி பார்ட்1.ரார், பார்ட்2.ரார் என்று துண்டு துண்டாக வரும் கோப்புகள். ஒவ்வொன்றாகப் பிரிக்கக் கூடாது. எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பார்ட்1-ஐ மட்டும் பிரியுங்கள். மற்றவற்றை மென்பொருளே தேடி எடுத்துக்கொள்ளும். 001, 002 என்று முடிபவற்றில் 001. பழைய வகையில் ரார், ஆர்00, ஆர்01 என்று இருக்கும். அங்கே தொடங்க வேண்டியது ரார்.

துண்டு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பெயர்களைப் பாருங்கள். ஒரே துண்டை இரண்டு முறை இறக்கினால் பிரவுசர் பெயரின் கடைசியில் (1) ஒட்டிவிடும். அந்த ஒரு எழுத்து போதும், வரிசை அறுந்துவிடும். பெயர் சரி என்றால் அளவைப் பாருங்கள். கடைசித் துண்டைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் சிறுத்திருந்தால் அது பாதியில் நின்ற டவுன்லோட். அதை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.

கோப்பின் பெயர் டார்.ஜிஇசட் என்று முடிந்தால் அது இரண்டு அடுக்கு மூட்டை. டார் கட்டுகிறது, ஜிஇசட் சுருக்குகிறது. செவன்ஜிப்பில் இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்தால் செவன்ஜிப்பே தெரியவில்லை என்று சிலர் கேட்டார்கள். 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள், பழைய மெனு வரும். பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால், காப்பி செய்தபோது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். இன்னொன்று, செவன்ஜிப் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்த புதிய பதிப்பை நீங்களே போய் இறக்க வேண்டும்.