நேர்காணலுக்கு அரை மணி முன்பே திண்ணைக்கு வந்துவிடுங்கள்

கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாகிவிட்ட பழைய நகரத்தார் வீடு ஒன்றில் 11 ஆண்டுகளாக வரவேற்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். வேலை கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் முதலில் பேசுவதும் நான்தான்.

காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தானே என்று நேரத்தை ஒட்டி வரும் பஸ்ஸில் ஏறாதீர்கள். அதற்கு முந்தைய பஸ்ஸில் வந்து திண்ணையில் உட்காருங்கள். வேர்வை அடங்கட்டும். கதவு திறந்துவிடும் காவலாளி அண்ணனிடம் நீங்கள் பேசும் விதம் உள்ளே எனக்குக் கேட்கும். விருந்தினரை வரவேற்க வருகிறவரிடம் நான் முதலில் கவனிப்பது அதைத்தான். உடை புதிதாக இருக்க வேண்டியதில்லை, துவைத்துத் தேய்த்திருந்தால் போதும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பலர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். 'நான் கடின உழைப்பாளி' என்பதைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. போன ஆண்டு ஆத்தங்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். அப்பாவுக்குத் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை என்றதும், தரையைக் காட்டி, "இதை எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது, அதன் மேல் மணலும் சிமெண்டும் போடுவது, பிறகு தண்ணீரில் ஊறவைப்பது என்று கையாலேயே செய்து காட்டினாள். சூளையில் சுடுவதே இல்லை, கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் பளபளக்கும் என்றபோது அவள் தயக்கம் போன இடம் தெரியவில்லை. இன்று எங்கள் விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுபவள் அவள்தான்.

ஆகவே, உங்கள் கை பட்ட வேலைகளில் மூன்றை முன்னதாகவே யோசித்து வையுங்கள். திருமணப் பந்தியில் பரிமாறியதாக இருக்கலாம், மாமா கடையில் கணக்கு எழுதியதாக இருக்கலாம். எங்கே, எத்தனை பேருக்கு, என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று முந்தின இரவு அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் சின்னச் சின்ன வாக்கியமாக, நிதானமாகப் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

சம்பளம், இரவு முறை, சாப்பாடு ஆகியவற்றைக் கேட்கக் கூசாதீர்கள். ஒரு தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வேலையில் சேர்ந்தான். இரவு வேலை முடிந்து ஊர் திரும்பப் பஸ் இல்லாததால் நான்காம் நாளே நின்றுவிட்டான். நேர்காணலிலேயே கேட்டிருந்தால் அவனுக்குப் பகல் முறை கொடுத்திருப்பேன்.