லேசிக் (பார்வைக் குறை போக லேசரால் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை) செய்யப் போகிறவர்களுக்கு
பரிசோதனைக்குப் போகும் முன் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸைக் குறைந்தது 2 வாரம் கழற்றி வைத்துவிடுங்கள். லென்ஸ் கருவிழியின் வளைவை லேசாக மாற்றிவிடும். அளவு தப்பினால் லேசர் செதுக்குவதும் தப்பும். நான் முந்தின நாள் வரை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெங்களூரு அல்சூரிலிருந்து இரண்டு முறை அலைந்தேன்.

அப்புறம், பெங்களூரு தூசி. சிகிச்சை முடிந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்டோவும் வேண்டாம், கண்ணாடி ஏற்றிய கார்தான் சரி. சில மணி நேரம் வெங்காயம் நறுக்கினாற்போல எரிச்சலும் நீருமாக இருக்கும். கை தானாகக் கண்ணுக்குப் போகும்; கசக்கினால், கருவிழியில் வெட்டித் திறந்து மூடிய மெல்லிய படலம் நகர்ந்துவிடக்கூடும். தூங்கும்போது, ஆஸ்பத்திரியில் தரும் பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் வைத்து டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

40 வயதை நெருங்குகிறவர்களுக்கு மட்டும்: படிக்கிற கண்ணாடி பெரும்பாலும் பின்னால் வரத்தான் செய்யும்.