வீட்டில் பாட்டுக் கேட்க ஹெட்போன்: எங்கே தவறுகிறோம்?

அப்பாவுக்கு எழுபது வயது முடிந்தபோது ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது அவருடைய நெடுநாள் பழக்கம். அம்மாவின் தூக்கம் கெடக் கூடாது என்பதால் ஹெட்போன் தேவைப்பட்டது. காதை முழுக்க மூடும் வகை, 50 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் பகுதி), பெட்டி மேல் பெரிய எழுத்தில் 'எக்ஸ்ட்ரா பேஸ்'. விலையும் குறைவில்லை. பத்தே நாளில் அது அலமாரிக்குள் போய்விட்டது. "மிருதங்கம் தவில் மாதிரி கேக்குதுப்பா, பாடுறவர் குரல் எங்கயோ பின்னால போயிடுது. காது வேற புழுங்குது" என்றார்.

ஹெட்போனில் பழுது ஒன்றும் இல்லை. அவர் எந்தப் பாட்டைக் கேட்கிறார், எங்கே உட்கார்ந்து கேட்கிறார், எதில் செருகிக் கேட்கிறார் என்ற மூன்றையும் விட்டுவிட்டு, பெட்டி மேல் இருந்ததைப் படித்து நான் வாங்கியிருந்தேன். அதன்பிறகு அவருக்காகவே தேட ஆரம்பித்து, நண்பர்களிடம் இரவல் வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

பெட்டி மேல் உள்ள எண்கள்

'5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பார்கள். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். அதுவும் இளம் வயதில்தான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

டிரைவர் அளவும் அப்படித்தான். உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் புழங்கிவரும் சோனி எம்டிஆர்-7506இல் இருப்பது 40 மி.மீ. டிரைவர். 50 மி.மீ. இருந்தால் அதைவிட நன்றாக ஒலிக்கும் என்று எந்த விதியும் கிடையாது.

விலையும் கைகொடுக்காது. 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். விலை கூடும்போது உலோகச் சட்டம், மென்மையான குஷன், பெட்டியின் பளபளப்பு எல்லாம் கூடலாம். ஒலியும் சேர்ந்து கூடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பேஸ் கூடினால் எதை இழக்கிறோம்

நான் செய்ததில் பெரிய தவறு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேஸ் என்பது தாழ்சுருதி ஒலி. அது பலமாக இருந்தால் தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைத்துவிடும். இது காதின் இயல்பு. மேல்சுருதி ஒலி கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. அதனால் பேஸைத் தூக்கி வைத்த ஹெட்போனில் மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த நாதம் தரும் இடது பக்கம்) ஒவ்வொரு முறை அடி விழும்போதும் பாடகரின் கீழ்ஸ்தாயி சங்கதிகள் மங்கும். தம்புராவின் நாதம் அதில் கரைந்தே போகும். அப்பா சொன்ன 'குரல் பின்னால போயிடுது' என்பதன் விளக்கம் இவ்வளவுதான்.

நல்ல பேஸ் என்றால் தொப்பியின் கும்கி தனியாகவும் வலது பக்கமான வலந்தலையின் சொற்கள் தனியாகவும் காதில் விழ வேண்டும். தட்டு விழுந்து, நாதம் எழும்பி, அடங்கும் வரை பின்தொடர முடிய வேண்டும். வெறும் அதிர்வு மட்டும் வந்தால் அது அளவுக்கு மீறிய பேஸ். சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்தும். பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் நகர்கிறது என்று உங்களால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மேல் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 6,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் சில ஹெட்போன்களில் ஒலி மட்டும் தூக்கலாக இருக்கும். முதல் ஐந்து நிமிடம் 'அடடா, என்ன தெளிவு' என்று தோன்றும். அரை மணி நேரம் போனதும் 'ஸ', 'ஷ' எழுத்துகள் ஊசியாகக் குத்தும். ஜால்ரா காதைக் கிழிக்கும், வயலின் வறண்டு ஒலிக்கும். காது களைத்துப்போய் நீங்களே கழற்றி வைத்துவிடுவீர்கள்.

கடையில் இரண்டு நிமிடம் கேட்டு முடிவெடுப்பது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒலி குறையும்போது நம் காது பேஸை முதலில் இழக்கிறது. 1933இலேயே பெல் ஆய்வுக்கூடத்தின் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு ஹெட்போன்களை ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிப் போட்டால், இயல்பிலேயே சத்தமாக ஒலிப்பது நிறைவானதாகத் தோன்றும். தரமானது அதுவாக இருக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டின் சத்தத்தையும் காதுக்குச் சமமாகத் தோன்றும்படி வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை விட்டுவிட்டு, இருபது வருடமாக உங்களுக்குப் பழகிய பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

பழைய பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே தடத்தில், பதிவானவை. எந்த ஹெட்போனில் கேட்டாலும் குரலும் வாத்தியங்களும் தலைக்கு நடுவில்தான் கேட்கும். இடம் வலம் பிரியவில்லை என்று ஹெட்போனைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

திறந்ததா, மூடியதா

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைபட்டிருந்தால் குளோஸ்டு பேக். வலைபோலத் திறந்திருந்தால் ஓப்பன் பேக். திறந்த வகையை 1968இல் எச்டி 414 மூலம் சென்ஹைசர் சந்தைக்குக் கொண்டுவந்தது. திறந்த வகையில் ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பாது, காற்றும் போகும். சித்திரை வெயிலில் இந்தக் காற்றோட்டத்தின் அருமை தெரியும். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு என் முதல் பரிந்துரை ஓப்பன் பேக்தான்.

ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் அறையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நம் வீடுகளில் ஃபேன் ஓடாத நேரம் குறைவு. ஓப்பன் பேக் அந்த இரைச்சலை அப்படியே உள்ளே விடும். ஐந்தில் ஓடும் பழைய சீலிங் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தம்புராவும் ஆலாபனையின் மெல்லிய கார்வைகளும் அதில் மூழ்கிவிடும். இரைச்சலை வெல்ல நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். அது காதுக்குக் கேடு. நாற்காலியை ஃபேனிலிருந்து தள்ளிப் போடுவது, வேகத்தைக் குறைப்பது போன்ற சின்ன மாற்றங்கள் புது ஹெட்போனைவிட அதிகப் பலன் தருவதுண்டு. குக்கர் விசில், டிவி சீரியல், தெருவில் ஹாரன் எல்லாம் ஓயாத வீடென்றால் குளோஸ்டு பேக்கே சரி.

ஓப்பன் பேக்கில் ஒலி வெளியேயும் கசியும். ஒரே கட்டிலில் பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது ஓப்பன் பேக் வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பா ஹாலில் உட்காருகிறார். அறைக் கதவைச் சாத்தினால் அம்மாவுக்கு ஒன்றும் கேட்பதில்லை.

இரைச்சலைத் தானே அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகை ஃபேன் போன்ற சீரான ஓசையை நன்றாகவே குறைக்கும். ரயிலில், விமானத்தில் அதற்கு ஈடு இல்லை. அமைதியான வீட்டில் அந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண். அதோடு உள்ளே பேட்டரி இருக்கிறது. சில வருடங்களில் அது தளர்ந்துவிடும். கம்பி வைத்த சென்ஹைசர் எச்டி 600 வெளிவந்தது 1997இல். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது, குஷனும் கேபிளும் தனியாக வாங்கி மாட்டலாம்.

எதில் செருகப் போகிறீர்கள்

பையர்டைனமிக் டிடி 990 புரோ என்ற ஹெட்போனின் 250 ஓம் வகையை எடுத்துக்கொள்வோம். ஓம் என்பது மின்தடையின் அளவு. ஒரு மில்லிவாட்டில் அது 96 டெசிபல் தரும். போனில் மாட்டி ஹெட்போனைச் செருகும், அரை வோல்ட் மட்டும் தரும் சிறிய யுஎஸ்பி டாங்கிளில் செருகினால் அதற்குக் கிடைப்பது சரியாக ஒரு மில்லிவாட். உச்சத்திலேயே 96 டெசிபல்தான். இசையின் சராசரி உச்சத்தைவிட 15, 20 டெசிபல் கீழே இருக்கும். இக்காலத் திரைப்பாடல் சத்தமாகவே பதிவாவதால் இது போதும். மெல்லப் பதிவான பழைய கச்சேரியில் வால்யூமை முழுக்கத் திருப்பியும் போதாமல் தவிப்பீர்கள்.

ஓம் குறைந்தால் கவலையில்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். போன் என்ன, ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரண ஆம்ப்பே (ஆம்ப்ளிஃபயர்) அதன் முன் திணறும். ஓம் எண்ணோடு சென்சிட்டிவிட்டி எண்ணையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் என்பதையும், சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது அந்தச் சென்சிட்டிவிட்டி எண் ஒரு மில்லிவாட்டுக்கா, ஒரு வோல்ட்டுக்கா என்பதைக் கவனியுங்கள். இரண்டு கணக்கும் வேறு. போனில் மட்டும் கேட்பவர் எளிதில் ஓடும் ஹெட்போனை வாங்கிவிட்டால் ஆம்ப் செலவே மிச்சம்.

புளூடூத் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு ஓடுகிறது. புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் எல்டேக் என்ற முறை அதிகபட்சம் 990 கிலோபிட்டை அனுப்பும். ஐபோனில் எல்டேக் கிடையாது, ஏஏசி என்ற வேறு முறைதான். கேட்கும்போது இந்த வித்தியாசத்தைவிட அந்த ஹெட்போன் எப்படிச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறி நசுங்கிய கோப்பாக இருந்தால் எந்த ஹெட்போனாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தலையில் உட்கார்வது

கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு, தோடும் ஜிமிக்கியும் அணிபவர் அவற்றோடு மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கம்பிக்கும் குஷனுக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுந்தால்கூடக் குளோஸ்டு பேக்கில் பேஸ் ஒழுகிப் போகும். காது மடல் முழுதும் உள்ளே அடங்க வேண்டும். மடல் மேல் அழுத்தினால் ஒரு ராகம் முடிவதற்குள் வலிக்கும். வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்காமல் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போதே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற மாடல் பாதி விலைக்குக் கிடைத்தால் அது போலியாக இருக்கலாம்.

இசை கேட்பதற்குப் பாதுகாப்பான அளவாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அது நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. மேல்சுருதி கேட்பது குறைந்த பெரியவர்கள் தம்மை அறியாமலே வால்யூமை ஏற்றுவார்கள். அப்பாவின் போனில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைத்திருக்கிறேன்.

கடைசியில் அவருக்கு அமைந்தது சென்ஹைசர் எச்டி 599. ஓப்பன் பேக், 50 ஓம், 250 கிராம், கழற்றி மாற்றும் கேபிள், வெல்வெட் போன்ற துணிக் குஷன். செயற்கைத் தோல் குஷன் நம் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். துணி அப்படி உரியாது. ஆனால் அமுங்கித் தட்டையாகும். தட்டையானால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியும் மாறும். போன மாதம் புதுக் குஷன் வரவழைத்து மாற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதான் முதல்ல கேட்ட மாதிரி இருக்கு" என்றார், ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.