‘அன்ட்’ ஆ, ‘வித்’ ஆ? இரு பாடச் சிறப்புப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் தெரிவது எப்படி

பொருளியலும் வரலாறும், கணிதமும் மெய்யியலும், அரசறிவியலும் புவியியலும் என்று இரண்டு பாடங்களை ஒரே சிறப்புப் பட்டமாகப் படிக்கும் முறையைப் பிரித்தானியாவில் ‘ஜொயின்ட் ஒனர்ஸ்’ என்கிறார்கள். திருகோணமலையில் உயர்தரம் எழுதிவிட்டு இப்படியொரு சோடியைத் தேடும் பிள்ளையும் பெற்றோரும் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலை. அதைக் கடைசியில் பார்த்தாலும் போதும். பட்டியல் ஒரு துறையை அளக்கும், அல்லது முழுப் பல்கலைக்கழகத்தை அளக்கும். நீங்கள் மூன்று வருடம் இருக்கப்போவதோ இரண்டு துறைகளுக்கு நடுவில். அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பது பட்டியலில் வராது.

ஊரில் என்ன கிடைக்கும்

நமது அரச பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் வழக்கமாக முதல் வருடம் மூன்று பாடங்கள். அந்தப் பெறுபேற்றைப் பார்த்து ஒரு பாடத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம், அல்லது மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறலாம். பொதுப் பட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் கடைசிவரை வரும். ஆனால் அது சிறப்புப் பட்டம் ஆகாது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கானது. கலைப் பாடச் சோடி வேண்டுமென்றால் வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை என்றுதான் யோசிக்க வேண்டும்.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. சில நெறிகள் அகில இலங்கைத் திறமையில் மட்டும் நிரப்பப்படுகின்றன. உங்களுடையது எந்த வகை என்பதை மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். விருப்ப ஒழுங்கை விருப்பப்படியே எழுதுங்கள். ‘வெட்டுப்புள்ளி எட்டாது’ என்ற பயத்தில் பிடித்ததைக் கீழே தள்ளினால், புள்ளி போதுமாக இருந்தும் பிடிக்காதது கைக்கு வரும்.

பிரித்தானியப் பாடநெறியை வாசிக்கும் முறை

பெயரிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பாடங்களுக்கு நடுவே ‘அன்ட்’ இருந்தால் இரண்டும் ஏறத்தாழப் பாதிப்பாதி. ‘வித்’ இருந்தால் முதற்பாடம் பெரியது, இரண்டாவது சிறியது, அநேகமாக முக்கால் கால் என்ற அளவில். பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் பாடநெறிக் குறியீட்டிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. எல்.வி.11 போல எழுத்துகள் இரண்டும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் சமபங்கு. எழுத்து, எண், எழுத்து, எண் என்று மாறி மாறி வந்தால் பெரியதும் சிறியதும்.

அடுத்தது கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. இதில் தடுமாறாதவர்கள் குறைவு. இங்கிலாந்தில் வருடத்துக்கு 120, மூன்று வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 360. நமது தகைமைச் சட்டகத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முழுவதற்குமே 120தான். அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலப் படிப்பு, இங்கே 50. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

இனித்தான் உண்மையான வேலை. பாடநெறிப் பக்கத்தின் விளம்பர வரிகளை விட்டுவிட்டு, பாடநெறியின் முழு அமைப்பையும் விவரிக்கும் ‘புரோகிராம் ஸ்பெசிபிகேஷன்’ என்ற ஆவணத்தைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் வருடத்துக்கு ஒரு நிரை போட்டு, ஒவ்வொரு துறையும் கட்டாயமாக்கும் கிரெடிட்டைக் கூட்டுங்கள். இரண்டாம் வருடத்தில் பொருளியல் 45, வரலாறு 45 என்று கட்டாயம் இருந்தால், நீங்கள் தெரிவதற்கு எஞ்சுவது 30. அதாவது ஒரு மொடியூல் (தனிப் பாட அலகு), மிஞ்சினால் இரண்டு. அந்த நாட்டில் போய்த் தெற்காசிய வரலாறு படிக்கலாம் என்ற கனவு அந்த 30க்குள் அடங்குமா என்று பாருங்கள்.

அதே தாளில் இறுதி வருட ஆய்வுக்கட்டுரையையும் குறியுங்கள். பொதுவாக 30 அல்லது 40 கிரெடிட். அது எந்தத் துறைக்குரியது? நீங்கள் தெரியலாமா, இரு பாடமும் கலந்த தலைப்பு எடுக்கலாமா, அப்படி எடுத்தால் இரு துறையிலும் மேற்பார்வையாளர் கிடைப்பாரா? சில இடங்களில் ஆய்வு ஒரு துறைக்கே சொந்தமாக இருக்கும். அங்கே கடைசி வருடத்தில் சமநிலை சாய்ந்துவிடும். சாய்வதில் குற்றமில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

நுழைவுத் தகைமையைப் பொறுத்தவரை, இரண்டு துறைகளில் எது கடினமோ அதன் நிபந்தனையே உங்களுக்கும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளியல் சேர்ந்த சோடிகளில் பல இடங்கள் கணிதத்தை உயர்தரப் பாடமாகக் கேட்கும். கலைப்பிரிவில் வரலாறு, பொருளியல், தமிழ் எடுத்த பிள்ளைக்குக் கதவு மூடுவது இந்த இடத்தில்தான், ஆங்கிலத்தில் அல்ல. அத்தகையவர் புள்ளிவிபரவியல் குறைந்த சோடியைத் தேடலாம், அல்லது ‘வித்’ வகையில் பொருளியலைச் சிறியதாக வைக்கலாம். இலங்கை உயர்தரத்தை நேரடியாக ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, அடிப்படை வருடம் கேட்பவையும் உண்டு. அவர்களின் இணையத்தளத்தில் பெரும்பாலும் இலங்கைக்கென்று ஒரு பக்கம் இருக்கும்.

ஸ்கொட்லாந்து தனிக் கதை. அங்கே நான்கு வருடம், 480 கிரெடிட். முதல் இரண்டு வருடம் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னர் சோடியை உறுதிசெய்யலாம். இன்னும் முடிவெடுக்காதவருக்கு இது நல்லது, ஒரு வருடச் செலவு கூடினாலும். சென் அன்ட்ரூஸ், எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற இடங்களில் கலைப் பாடங்களுக்கு வரும் ‘எம்.ஏ. ஒனர்ஸ்’ முதற்பட்டமே, முதுகலை அல்ல. ஊருக்குத் திரும்பி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலாந்திலேயே இரு பாட முறைக்கு நீண்டகாலமாகப் பெயர்பெற்ற இடம் வேண்டுமானால் கீல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இருபாடப் படிப்பு அங்கே தொடக்கம் முதலே உண்டு.

மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை

பாடநெறி இணைப்பாளருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். இரு துறைகளின் விரிவுரைகளும் நேரசூசியில் மோதினால் யார் தீர்த்துவைப்பார்? இரு துறைகளும் ஒரே வளாகத்திலா, பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்திலா? கட்டுரைகளின் கடைசித் திகதிகள் ஒரே வாரத்தில் குவிகின்றனவா? தனிப்பட்ட ஆலோசகர் ஒரு துறையிலா, இரண்டிலுமா? கடந்த வருடம் இந்தச் சோடியில் எத்தனை பேர்? ஒரு பாடம் ஒத்துவராவிட்டால் மற்றதில் தனிப் பட்டத்துக்கு மாறலாமா, எந்த வருடம் வரை? ‘நெகிழ்வுத்தன்மை உண்டு’ என்று மட்டும் பதில் வந்தால் அதைப் பதிலாக எடுக்க வேண்டாம். மொடியூல் பெயரும் நாளும் குறிப்பிட்டு எழுதுபவர்களே நிர்வாகம் தெரிந்தவர்கள்.

உளவியல் போன்ற பாடங்களில், சோடியாகப் படித்தால் தொழில்சார் அங்கீகாரம் கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள். பாதிப் பாடம் எடுத்துவிட்டு முழு அங்கீகாரத்தை எதிர்பார்ப்பது அடிக்கடி நடக்கும் ஏமாற்றம். ஊரில் ஆசிரியர் நியமனம் பெறும் எண்ணம் இருந்தால், நீங்கள் கற்பிக்க விரும்பும் பாடத்தை வர்த்தமானி எப்படிக் கேட்கிறது என்பதையும் பார்த்துவிட்டே சோடியை முடிவுசெய்யுங்கள்.

விண்ணப்பம்

யூகாஸில் ஐந்து தெரிவு. தன்விளக்கம் (‘பெர்சனல் ஸ்டேட்மென்ட்’) ஒன்றுதான், ஐந்து இடத்துக்கும் அதுவே போகும். 2026 நுழைவிலிருந்து அது மூன்று கேள்விகளாக, இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகளுக்குள், ஒவ்வொன்றும் குறைந்தது 350. ஒரு தெரிவில் பொருளியலும் வரலாறும், இன்னொன்றில் தனி வரலாறு என்று கலந்து போட்டால், ஒரே எழுத்து இரண்டு வாசகரையும் திருப்திப்படுத்த வேண்டும், பெரும்பாலும் படுத்தாது. ஐந்திலும் ஒரே சோடியை வைப்பதே பாதுகாப்பு.

ஜனவரியில் வரும் விண்ணப்ப முடிவு நாள் பிரித்தானிய நேரம் மாலை 6 மணிக்கு முடியும், நமக்கு இரவு 11.30. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒக்டோபர் 15. அப்போது அங்கே கோடைநேரம் என்பதால் நமக்கு இரவு 10.30. மின்சாரத்தை நம்பி அந்த இரவுவரை ஒத்திவைக்காதீர்கள்.

2024 உயர்தரம் நவம்பர் 25இல் தொடங்கி, பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது. அந்தக் கால அட்டவணையில் ஜனவரியில் கையில் பெறுபேறு இராது. பாடசாலை எதிர்பார்ப்புப் பெறுபேற்றை எழுதித் தர வேண்டும், அதை நவம்பருக்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பின்னர் வரும் அனுமதிகளில் முதல் தெரிவு, மாற்றுத் தெரிவு என்று இரண்டு இடங்களை வைத்துக்கொள்ளும்போது, இரண்டாவதன் நிபந்தனை முதலாவதைவிடக் குறைவாகவும், பாடச் சோடி அதே சோடியாகவும் இருக்கட்டும்.