சளி தொடங்கும் அன்றே ஒரு குவளை இஞ்சி நீர்

உடல் சிலிர்க்கிறது, மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது, பிடரி இறுகி வலிக்கிறது, வியர்வை இல்லை. சீன மரபு மருத்துவம் இதைக் 'காற்றுக் குளிர்' என்கிறது. சூடு தரும் மூலிகைகள் இந்த முதல் ஓரிரு நாட்களுக்கு உரியவை.

சீன வீடுகளில் செய்வது எளிது. தோலுடன் நான்கைந்து வில்லை இஞ்சியை இரண்டு குவளை நீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு மூன்று வெங்காயத்தாள்களின் வெள்ளைத் தண்டை, வேரை நன்கு கழுவி வேருடனேயே நசுக்கிப் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெங்காயத்தாளை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். அதன் மணம்தான் மருந்து, அது ஆவியோடு போய்விடும். இனிப்புக்குக் கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை.

சூடாகக் குடித்துவிட்டுப் போர்த்திப் படுங்கள். நெற்றியிலும் முதுகிலும் மெல்லிய ஈரம் அரும்பினால் போதும். தண்ணீராய்க் கொட்டும்படி வியர்க்கக் கூடாது என்று பண்டைய சீனாவின் ஹான் அரச மரபுக் காலத்து மருத்துவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஈர உடையை உடனே மாற்றிவிடுங்கள்.

தொண்டை எரிந்து, தாகமெடுத்து, சளி மஞ்சளாக வந்தால் அது 'காற்றுச் சூடு'. அப்போது இஞ்சி வேண்டாம் என்பது அந்த மரபின் விதி. என் கருத்தில், பலரும் தவறுவது இங்கேதான். இது ஆறுதல் தரும் கைமருந்து மட்டுமே. கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.