ஒரே நாளில் பெர்லின்: முதல்முறை போகும் மாணவர் குழுவுக்கான வழிமுறை

ஜெர்மனியில் படிக்கும் நம் மாணவர்கள் பலர் பெர்லினை ஒரே நாளில்தான் பார்க்கிறார்கள். இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் இறங்கி, அன்றிரவே திரும்பிவிடுகிறார்கள். கையில் காசு குறைவு, கூடவே நான்கைந்து நண்பர்கள், மறுநாள் வகுப்பு. அப்படிப்பட்ட ஒரு நாளை எப்படி வகுத்துக்கொள்வது என்று, இதுவரை அங்கே போகாதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் 'பார்த்தே ஆக வேண்டிய 20 இடங்கள்' பட்டியலோடு கிளம்பாதீர்கள். பெர்லின் தன் வரலாற்றின் கொடுமைகளை மறைக்காமல், ஊரின் நடுவில், நாடாளுமன்றத்துக்கு நடந்துபோகும் தூரத்திலேயே வைத்திருக்கும் நகரம். அதை ஓட்டமாக ஓடிப் பார்க்க முடியாது. ஐந்தாறு இடங்கள் போதும். கீழே சொல்லியிருக்கும் எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

படி 1: ரைக்ஸ்டாக் கூண்டுக்கு முன்பதிவு

பயணம் முடிவானதும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் உச்சியில் குவிமாடமாக இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் போகப் பணம் வேண்டாம். ஆனால் முன்பதிவு வேண்டும். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, குழுவில் உள்ள எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் கொடுக்க வேண்டும். உறுதி செய்யும் மின்னஞ்சல் வந்தால்தான் இடம் கிடைத்ததாக அர்த்தம். மாலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

நம்மவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டுகளில் ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ஒருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும், இன்னொருவருக்கு முதலெழுத்து விரிந்து நீளமாக இருக்கும். கல்லூரியில் எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் பதியுங்கள். வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எந்த மாதமானாலும், இருட்டுவதற்குச் சற்று முந்தைய நேரமாகப் பாருங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும், டிசம்பரில் நான்கு மணிக்கே மறைந்துவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் கூண்டை மதியத்துக்குப் பிறகு வைத்து, கீழே வரும் ஆறாம் படியை அதற்குப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம்.

படி 2: நாளும் டிக்கெட்டும்

திங்கட்கிழமையைத் தவிருங்கள். கீழே வரும் இரண்டு முக்கியக் கண்காட்சிகளுக்கு அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்றாலும் பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், உணவகங்களும் உண்டு.

உங்கள் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் டிக்கெட் நாடு முழுவதும் செல்லும் வகை என்றால் பெர்லினுக்குள் வேறு டிக்கெட் வேண்டாம். இல்லையென்றால், நான்கு அல்லது ஐந்து பேருக்கு 24 மணி நேரக் குழு டிக்கெட் ஆதாயம். அதிகபட்சம் ஐந்து பேர் அதில் போகலாம். ஏ, பி என்ற இரண்டு மண்டலங்களுக்கு எடுத்தால் போதும். விமானத்தில் வருபவர்களுக்கு மட்டும் சி மண்டலமும் வேண்டும், விமான நிலையம் அதில் இருக்கிறது. காகித டிக்கெட்டை நடைமேடையில் உள்ள பெட்டியில் ஒருமுறை முத்திரையிட மறக்காதீர்கள். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே அல்ல, அபராதம் 60 யூரோ. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். குழு டிக்கெட்டை வைத்திருப்பவரை விட்டு யாரும் தனியாக ரயில் ஏறக் கூடாது.

படி 3: காலையில் பெர்னாவர் தெரு

காலை ஒன்பதரை மணிக்குள் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். இந்த நாளில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி அரசு, தன் மக்கள் மேற்கே தப்பிப் போகாமலிருக்க, மேற்கு பெர்லினைச் சுற்றி முள்வேலி போட்டு, பிறகு அதைச் சுவராக்கியது. சுமார் 155 கிலோமீட்டர் நீளம். 1989 நவம்பர் 9 வரை 28 ஆண்டுகள் நின்ற அந்தச் சுவர் ஒரு சாதாரண குடியிருப்புத் தெருவை என்ன செய்தது என்பதைப் பெர்னாவர் தெருவில் பார்க்கலாம். இங்கே ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம், அந்த வீடுகளின் வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதை மேற்கு பெர்லினுக்குச் சொந்தம். வாசற்படியே எல்லை. கதவுகளையும் ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டே வந்தபோது, மேல்மாடிகளில் இருந்தவர்கள் கீழே குதித்தார்கள். மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலை விரித்துப் பிடித்தார்கள். இடா சீக்மன் என்ற பெண் 1961 ஆகஸ்ட் 22 அன்று, வலை விரிவதற்குள் தன் வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிரிழந்தார். சுவரால் உயிரிழந்த முதல் மனிதர் அவர். மறுநாள் அவருடைய 59ஆவது பிறந்தநாள்.

திறந்தவெளி நினைவிடம் 1.4 கிலோமீட்டர் நீளம். சுவர் இடிக்கப்பட்ட இடங்களில் துருப்பிடித்த நிறத்தில் இரும்புக் கம்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். சாய்வாகப் பார்த்தால் கம்பங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவராகத் தெரியும், நேராக நின்றால் இடைவெளி வழியே மறுபக்கம் தெரியும். புல்லுக்கு நடுவே தரையில் பதித்திருக்கும் உலோகத் தகடுகளையும் கவனியுங்கள். அவை தப்பிக்கத் தோண்டிய சுரங்கங்களின் பாதைகள். 1964 அக்டோபரில் அப்படி ஒரு சுரங்கம் வழியே 57 பேர் மேற்கே வந்து சேர்ந்தார்கள். நீளம் 145 மீட்டர், ஆழம் சுமார் 12 மீட்டர். தோண்டியவர்களில் பெரும்பாலோர் மேற்கு பெர்லின் மாணவர்கள்.

இறந்தவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும் நினைவுச் சாளரத்தின் முன் நின்று ஆண்டுகளைப் படியுங்கள். உங்கள் வயதில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். இந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்து சமரசத் தேவாலயம். எல்லையின் இரண்டு சுவர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட பழைய தேவாலயத்தை, காவலர்களின் பார்வையை மறைக்கிறது என்று 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில் 2000ஆம் ஆண்டு மண்ணை இடித்து இறுக்கிக் கட்டிய சிறு வழிபாட்டுக் கூடம் எழுந்தது. பக்கத்தில் போய் அந்தக் கூடத்தின் சுவரைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய மண்சுவர் போன்ற அந்தப் பரப்பில், தகர்க்கப்பட்ட கோயிலின் ஓட்டுச் சில்லுகளும் கண்ணாடித் துண்டுகளும் பதிந்திருக்கும். வெளியே, ஒரு காலத்தில் அடியெடுத்து வைத்தாலே சுடப்படும் இடமாக இருந்த நிலத்தில், ரை தானியம் விதைக்கிறார்கள்.

எதிரே இருக்கும் ஆவண மையம் பத்து மணிக்குத் திறக்கும். அதன் கோபுரத்தில் ஏறினால் இரண்டு சுவர்கள், நடுவில் வெற்று நிலம், காவல் கோபுரம் எல்லாம் அன்றைய அமைப்பிலேயே தெரியும். அங்கே ஏறாமல் போகாதீர்கள்.

படி 4: பேய் நிலையங்கள் வழியே பிராண்டன்பர்க் வாயிலுக்கு

நோர்ட்பான்ஹோஃபுக்கே திரும்பி எஸ்-பான் என்ற நகர ரயிலில் மூன்று நிலையங்கள் போனால் பிராண்டன்பர்க் வாயில். இந்தச் சின்னப் பயணமும் பார்க்க வேண்டிய ஒன்றுதான். சுவர் இருந்த ஆண்டுகளில் மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்கு பெர்லினுக்கு அடியில் இதே சுரங்கப் பாதையில் ஓடின, ஆனால் ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் தவிர வேறெங்கும் நிற்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் ஆயுதக் காவலர்கள் நின்றிருந்த அந்த நடைமேடைகளைப் 'பேய் நிலையங்கள்' என்றார்கள். நோர்ட்பான்ஹோஃப் அவற்றில் ஒன்று. நிலையத்துக்குள்ளேயே அதைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

வாயில் 1788 முதல் 1791 வரை கட்டப்பட்டது. உச்சியில் இருக்கும் நான்கு குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிசுக்கு எடுத்துச் சென்றார், 1814இல் அது திரும்பி வந்தது. சுவர்க் காலத்தில் யாரும் நெருங்க முடியாத எல்லைப் பகுதியில் தனித்து நின்ற வாயில் இது. குழுவாகப் படம் எடுக்க இதுவே சரியான இடம். இருபது நிமிடம் போதும்.

படி 5: 2711 கற்கள்

வாயிலிலிருந்து தெற்கே ஐந்து நிமிட நடையில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்டது. மொத்தம் 2711 கான்கிரீட் பாளங்கள். ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே இருப்பவை, உள்ளே போகப் போகத் தலைக்கு மேலே உயர்ந்துவிடும். தரையும் ஏறி இறங்கும். பத்தடி போனதும் பக்கத்தில் வந்த நண்பரைக் காணாது. எனவே முதலிலேயே ஒரு மூலையைச் சந்திப்பு இடமாகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் தனியாக நடந்துபோங்கள்.

பாளங்கள் மேல் ஏறுவது, தாவுவது, சிரித்துக்கொண்டு படம் எடுப்பது எதுவும் வேண்டாம். மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பீர்கள். அதற்காக நாமும் செய்யத் தேவையில்லை. குழுவில் யாராவது ஆரம்பித்தால் தயங்காமல் சொல்லுங்கள். நண்பர்கள்தானே, கேட்டுக்கொள்வார்கள்.

பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தரைக்கடியில் தகவல் மையம் இருக்கிறது, வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். ஓர் அறையில், கொல்லப்பட்டவர்கள் எழுதிய கடிதங்களின், நாட்குறிப்புகளின் வரிகள் தரையில் ஒளிரும். எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு அறையில் ஒரு பெயரும் அவரைப் பற்றிச் சில வரிகளும், பிறகு அடுத்த பெயரும் ஒலிக்கும். தெரிந்த எல்லாப் பெயர்களையும் அப்படிப் படித்து முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இங்கிருந்து வெளியே வந்ததும் யாருக்கும் பேசத் தோன்றாது. சாப்பாட்டை இதற்குப் பிறகு வைத்திருப்பது அதனால்தான். பசியோடு கொஞ்சம் நடந்து, எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். சைவம் என்றால் ஃபலாஃபெல் எல்லா இடத்திலும் கிடைக்கும். 'கறிவுர்ஸ்ட்' என்பது கறித்தூள் தூவிய இறைச்சித் தொத்திறைச்சி, பெரும்பாலும் பன்றி இறைச்சி. தண்ணீர்க் குப்பியைக் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம், குடிக்க நல்ல தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினால் எறியாதீர்கள். காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும்.

படி 6: மதியத்துக்குப் பிறகு

பொட்ஸ்டாம் சதுக்கம் வழியே நடந்தால் 'பயங்கரத்தின் நிலவரைவு' என்ற ஆவண மையம். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவும் அவர்களுடைய எஸ்எஸ் படையும் தலைமையகம் வைத்திருந்த அதே மனையில் இருக்கிறது. ஓர் அரசு இயந்திரம் கோப்புகளாலும் உத்தரவுகளாலும் கொலை செய்தது எப்படி என்பதைப் படங்களோடு விளக்குகிறார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். வெளியே ஓரத்தில் சுமார் 200 மீட்டர் நீளத்துக்குச் சுவர் அப்படியே நிற்கிறது.

பக்கத்திலேயே, சுவர்க் காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே சோதனைச் சாவடியாக இருந்த செக்பாயின்ட் சார்லி. இப்போது நிற்கும் காவல் கூண்டு பின்னால் செய்துவைத்த மாதிரி, சுற்றிலும் நினைவுப்பொருள் கடைகள். கடந்துபோகும்போது பார்த்தால் போதும்.

அங்கிருந்து யூ6 சுரங்க ரயிலில் இரண்டு நிலையம் போய், உண்டர் டென் லிண்டன் சாலையில் கிழக்கே நடந்தால் பேபல் சதுக்கம். எதிரே ஹும்போல்ட் பல்கலைக்கழகம். 1933 மே 10 அன்று இங்கே சுமார் 20,000 புத்தகங்களை எரித்தார்கள். சதுக்கத்தின் நடுவில் தரையில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். பகலில் அதில் வானம்தான் தெரியும். மண்டியிட்டு இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக் குனிந்து பாருங்கள். கீழே வெள்ளை அறை, நான்கு பக்கமும் வெற்றுப் புத்தக அலமாரிகள். 20,000 புத்தகங்களுக்கான இடம். மிகா உல்மன் என்ற சிற்பி 1995இல் அமைத்தது.

எரிப்பை முன்னின்று நடத்தியவர்கள் நாஜி மாணவர் அமைப்பினர். காலையில் பார்த்த சுரங்கத்தைத் தோண்டியவர்களும் மாணவர்கள்தான். அதனால்தான் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழியில் இந்த இரண்டு இடங்களும் ஒரே நாளில் வருகின்றன. நேரம் போதாமல் எதையாவது விட நேர்ந்தால் செக்பாயின்ட் சார்லியை விடுங்கள், இதை விடாதீர்கள்.

படி 7: கண்ணாடிக் கூண்டு

பக்கத்தில் 100ஆம் எண் பஸ் ஏறினால் ரைக்ஸ்டாக் வாசல் அருகே இறங்கலாம். குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அங்கே இருங்கள். விமான நிலையம் போலச் சோதனை உண்டு. மேலே போனதும் ஒலி வழிகாட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம். கட்டடம் 1894இல் திறக்கப்பட்டது, 1933இல் எரிந்தது, போரில் சிதைந்தது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த இந்தக் கூண்டு 1999இல் வந்தது. சுருள் பாதையில் ஏறிக்கொண்டே கீழே பார்த்தால் கண்ணாடி வழியே நாடாளுமன்ற மன்றம் தெரியும். உச்சி திறந்திருப்பதால் காற்று உள்ளே வரும், கோடையிலும் ஒரு மேலாடை வேண்டும்.

இரவு பஸ் பிடிப்பவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே கீழே இறங்கிவிடுங்கள். வெளியூர் பஸ் நிலையம் நகரின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. யூ2 ரயிலில் கைசர்டாம் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடக்க வேண்டும். குழு டிக்கெட்டின் 24 மணி நேரம் இன்னும் முடியவில்லை என்பதை மட்டும் ரயில் ஏறும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.